பூச்சியைப் பார்க்கவும் பொழுது வேண்டும்

செடிகொடிகளையும் பூச்சி புழுக்களையும் உற்றுப் பார்த்துக் குறிப்பெழுதி வைப்பது, உண்டு களித்த கனவான்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. கூலி உயர்வுக்கும் குடிமனைப் பட்டாவுக்கும் போராடிக் கொண்டிருக்கும் சங்கத்துக்கு, புன்க இலையின் மேல் நிற்கும் முண்டைப் பற்றி என்ன கவலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்துடன்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த எண்ணம் சரித்திரத்துக்கு மாறானது. அது மட்டுமல்ல; உழைப்பாளியைப் பற்றி முதலாளி என்ன நினைக்கிறானோ அதையே நாமும் ஒப்புக்கொள்வதாகும். கைக்கு வேலை, வயிற்றுக்குச் சோறு, அதற்கு மேல் அவனுக்கு எதற்கு? இதுதானே முதலாளியின் நினைப்பு!

முண்டு என்று இளக்காரமாகச் சொல்கிறோமே, அது என்ன? மாவிலையில் பருப்பருவாகக் கொப்புளம் கிளம்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புன்க இலையில் சிறு விரல்களைப் போல் முண்டுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நோய் என்று நினைத்துப் போய்விடுகிறோம். உண்மையில் அது ஒரு வீடு. மாவிலைக் கொப்புளத்துக்குள்ளே கொசுவை விடச் சிறிய ஓர் ஈயின் புழு குடியிருக்கிறது. புன்க இலை முண்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்சிலந்திகள் குடியிருக்கின்றன. குடியேறிய பிராணி செடியின் வளர்ச்சியையே திசை திருப்பி விடுகிறது. செடி தன் சொந்தத் தசையைக் கொண்டே விருந்தாளிக்கு வீடும் கட்டிச் சோறும் போடுகிறது. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு வடிவத்தில் வீடு. ஆகவே வீட்டைப் பார்த்தே உள்ளே இருப்பது யார் என்று பழகியவர்கள் சொல்லி விடுவார்கள். சுரண்டலுக்கு இயற்கையில் உதாரணம் தேடும் பேச்சாளர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் உவமையை அளவுக்கு மீறி இழுக்க வேண்டாம். செடிக்குச் சங்கம் கிடையாது.

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் விற்கிறது. கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயுடன் சேர்த்து வாங்கி வருகிறோம். அது காய் அல்ல! துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து ஓக் மரத்தின் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட்டதால் உண்டான கழலை. சில மாசிக்காய்களில் ஊசி குத்தியது போல் ஒரு துளை இருக்கும். வளர்ந்த குளவி வெளியேறிய வாசல் அது. இதே கழலையை இடித்து, இரும்பு உப்புடன் சேர்த்துத்தான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுக் காலம் மை தயாரித்தார்கள். சாசனங்கள், கிரயப் பத்திரங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் அந்த மையில் எழுதப்பட்டவை. பொது நிலத்தை வேலியடைத்து ஏழைக் குடியானவனை விரட்டிய இங்கிலாந்துப் பிரபுக்களின் பத்திரங்களும், ஒரு பூச்சி கட்டிய வீட்டைக் கரைத்து எழுதியவைதான்.

இந்தக் கழலைகளின் ரகசியத்தை அவிழ்த்தது யார்? இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற வைத்தியர், 1668ல் பிரசுரித்த சோதனைகளால், அழுகிய இறைச்சியிலிருந்து புழு தானே தோன்றுவதில்லை, ஈ இட்ட முட்டையிலிருந்தே வருகிறது என்று நிலைநாட்டினார். பெரிய சாதனைதான். ஆனால் அதே ரெடி, கழலைக்குள் இருக்கும் புழுவை மட்டும் மரத்தின் ஆன்மாவே உற்பத்தி செய்கிறது என்று நம்பினார்! முன்வாசல் வழியாக விரட்டிய மூடநம்பிக்கை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. மல்பீகி என்ற இன்னொரு இத்தாலிய வைத்தியர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து, பூச்சி முட்டையிடுவதால்தான் கழலை உண்டாகிறது என்று 1679ல் எழுதினார். ஆன்மாவுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகும் ஒரு புதிர் மிஞ்சியிருந்தது. ஐரோப்பிய ஓக் மரத்தில் வசந்த காலத்தில் பூங்கொத்தில் திராட்சை போன்ற ஒரு கழலை. இலையுதிர் காலத்தில் இலையின் அடியில் பொத்தான் போன்ற வேறொரு கழலை. இரண்டிலிருந்தும் வெளிவரும் குளவிகள் வேறு வேறாக இருக்கும். பண்டிதர்கள் இரண்டுக்கும் இரண்டு பெயர் சூட்டி, இரண்டு பெட்டியில் குத்தி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் பாசெட் என்ற நூலகர் 1873ல் சந்தேகத்தைக் கிளப்பினார். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் நகரில் ஹெர்மான் அட்லர் என்ற வைத்தியர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, சிறு ஓக் கன்றுகளில் குளவிகளை விட்டு வளர்த்துப் பார்த்தார். 1881ல் முடிவைப் பிரசுரித்தார். இரண்டும் ஒரே இனம்! ஒரு தலைமுறையில் ஆணும் பெண்ணும் உண்டு. அடுத்த தலைமுறையில் பெண் மட்டுமே. அதன் சந்ததி மறுபடி முந்தியது போல. மகள் தாயைப் போல் இருப்பதில்லை, பாட்டியைப் போல் இருக்கிறாள். ஒரு நூலகரும் ஒரு வைத்தியரும் ஓய்வு நேரத்தில் அவிழ்த்த முடிச்சு இது.

நூலகர், வைத்தியர் என்கிறீர்களே, அவர்கள் படித்தவர்கள் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் சீமைக்குத்தான் போக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மான்செஸ்டர் நகரைச் சுற்றியிருந்த கிராமங்களில், கைத்தறி நெசவாளிகளும் செருப்புத் தைப்பவர்களும் தாவர சாஸ்திரச் சங்கங்கள் நடத்தினார்கள். மாளிகையிலா? இல்லை, கள்ளுக்கடையில்! ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்வு. அன்று காடுமேடெல்லாம் சுற்றிச் சேகரித்த செடிகளைச் சாராயக் கடை மேஜை மேல் குவிப்பார்கள். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைச் சொல்வார். மற்றவர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லத்தீன் பெயர்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். மாதச் சந்தாவில் ஒரு பங்கு குடிக்கு, மறு பங்கு புத்தகத்துக்கு. புத்தகங்கள் கடையிலேயே இருக்கும். (மதுவிலக்குக்காரர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். கூடிப் பேச அவர்களுக்கு வேறு கூரை இல்லை.)

ஜான் ஹார்ஸ்பீல்டு என்ற நெசவாளி, செடி வகுப்புகளின் பட்டியலை எழுதித் தறிக்கால் மேல் ஒட்டி வைத்துக்கொண்டு, நாடா ஓடும் நேரத்திலேயே அதைப் படித்தார். ரிச்சர்ட் பக்ஸ்டன் என்பவர் குழந்தைகளுக்குச் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். வாலிப வயதில்தான் தாமாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். மான்செஸ்டரைச் சுற்றிப் பதினாறு மைலுக்குள் வளரும் செடிகள் அனைத்தையும் பற்றி 1849ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் செடிகளைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. நகரத்து நெரிசலில் அடைபட்டுக் கிடக்கும் ஏழைகள் காலாற நடக்கும் பழைய ஒற்றையடிப் பாதைகளை அடைத்து விடாதீர்கள் என்று நிலப்பிரபுக்களுக்கு மனுவும் செய்தார். செடியைப் பார்க்கப் போனவர் நிலப் பிரச்சினையில் போய் முட்டிக்கொண்டார்! பிற்பாடு இது சகஜமாயிற்று.

எங்கெல்ஸ் மான்செஸ்டருக்கு வந்தது 1842ல். கிழிந்து தொங்கும் சட்டையுடன் நின்ற தொழிலாளர்கள், பூமியின் அமைப்பைப் பற்றியும் வான சாஸ்திரத்தைப் பற்றியும் தம் நாட்டுப் படித்த முதலாளிகளை விட அதிக விவரத்துடன் பேசியதைத் தாம் கேட்டதாக, 1845ல் வெளிவந்த ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை’ என்ற நூலில் அவர் பதிந்திருக்கிறார். பூச்சிக்கும் புரட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தோழர்கள் அந்த நூலை இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

அதே மான்செஸ்டரின் ஓரத்தில் கெர்சல் மூர் என்று ஒரு புதர்மேடு உண்டு. 1829ல் அங்கே ராபர்ட் கிரிப் என்ற பூச்சி சேகரிப்பாளர், ஓர் உளுத்த மரத்தில், கறுப்பும் மஞ்சளுமாகச் சின்னஞ்சிறு அந்துப்பூச்சிகளைக் கண்டார். ஐம்பதுக்கு மேல் பிடித்தார். அதுவரை எவரும் கண்டறியாத இனம் அது. அவற்றில் சிலவற்றை ராபர்ட் உட் என்ற மற்றொரு சேகரிப்பாளருக்குக் கொடுத்தார். உட் அதை லண்டனில் ஜான் கர்ட்டிஸ் என்ற பூச்சியியல் நிபுணருக்கு அனுப்பினார். கர்ட்டிஸ் 1830ல் அந்த இனத்துக்குப் பெயர் சூட்டிப் பிரசுரித்தார். யார் பெயரை? உட்டின் பெயரை! கண்டுபிடித்தவர் அவர்தான் என்று நினைத்துவிட்டார். இது அநியாயம் என்று கிரிப் பேசியபோது நடந்தது என்ன? வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து உள்ளூர்ப் பூச்சி என்று ஏமாற்றுகிறார் என்று அவர் மேலேயே பழி விழுந்தது. மனம் கசந்த கிரிப் பூச்சி சேகரிப்பதையே விட்டுவிட்டார். கையில் காசில்லாமல், மிச்சமிருந்த பூச்சிப் பெட்டியை ஒரு சாராயக் கடைக்காரியிடம் கடனுக்கு ஈடாக வைத்திருந்தார். பின்னால் ஒருவர் பணம் கொடுத்து அதை மீட்கப் போனபோது, அவள் அதை எரித்துவிட்டிருந்தாள். அந்த இனம் அதற்குப் பிறகு எங்கேயும் அகப்படவில்லை. இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று உலர்ந்த பூச்சிகள்: ஒன்று மான்செஸ்டரில், ஒன்று லண்டனில், ஒன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில். மூன்றும் உட்டின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன.

கர்ட்டிஸ் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்பாடு அப்படி. பெயர் சூட்டும் அதிகாரம் லண்டனில். சேற்றில் இறங்கிப் பார்த்த கண் மான்செஸ்டரில். இடையில் யார் கை நீள்கிறதோ அவர் பெயர் நிற்கும்.

அந்தப் புதர்மேட்டின் கதை இத்துடன் முடியவில்லை. 1838 செப்டம்பர் 24ந் தேதி அதே கெர்சல் மூரில் சார்ட்டிஸ்டுகள் பிரம்மாண்டமான கூட்டம் நடத்தினார்கள். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டு லங்காஷயர்த் தொழிலாளர்கள் கொடி பிடித்துத் திரண்டார்கள். எங்கெல்ஸ் அந்த மேட்டை மான்செஸ்டரின் புனித மலை என்றே குறிப்பிடுகிறார். கிரிப் குனிந்து பூச்சி தேடிய அதே மண்ணில், ஒன்பது வருஷம் கழித்துத் தொழிலாளி நிமிர்ந்து நின்று உரிமை கேட்டான். இரண்டும் ஒரே வர்க்கத்தின் வேலைதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்த நெசவாளிகளுக்கு என்ன ஆயிற்று? விசைத்தறி வந்தது, கைத்தறி நெசவாளி பட்டினி கிடந்தான். ஆலைக்குப் போனவனுக்குச் சங்கு ஊதும் நேரம்தான் காலை, சங்கு ஊதும் நேரம்தான் மாலை. பெண்களுக்கும் இளம் வயதினருக்கும் நாளுக்குப் பத்து மணி நேர வேலை என்ற சட்டம் 1847ல்தான் வந்தது. அதுவும் எத்தனையோ வருஷப் போராட்டத்துக்குப் பிறகு. பொழுது இல்லாதவனுக்குச் செடி ஏது, பூச்சி ஏது?

பொழுது கிடைத்த பிறகும் போக இடம் வேண்டுமே! மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள கிண்டர் ஸ்கவுட் மலை, பிரபுக்கள் காட்டுக்கோழி சுடுவதற்காக ஒதுக்கி வைத்திருந்த மலை. 1932 ஏப்ரல் 24ந் தேதி, இளம் கம்யூனிஸ்ட் பென்னி ராத்மன் தலைமையில் சில நூறு வாலிபர்கள் தடையை மீறி மலையேறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். அங்கே பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா அமைந்தது 1951ல். இன்று அந்நாட்டில் சாதாரண மனிதர்கள் மலையிலும் தரிசிலும் நடந்து, ஓக் மரக் கழலைகளை எண்ணிக் குறித்து, எந்தக் குளவி எந்த வருஷம் எவ்வளவு தூரம் பரவியது என்று வரைபடம் போடுகிறார்கள். தாவரக் கழலைகளுக்கென்றே 1985ல் தொடங்கிய சங்கம் ஒன்றும் அங்கே உண்டு. அவர்கள் நடக்கும் பாதைகளில் சிறை சென்றவர்களின் பங்கும் இருக்கிறது.

சோவியத் நாட்டிலும் இந்த முயற்சி இருந்தது. புரட்சி நடந்து ஒரு வருஷம் கூட ஆகாத 1918 ஜூனில், மாஸ்கோவின் சகோல்னிக்கியில் இயற்கையை நேசிக்கும் சிறுவர்களுக்கு ஒரு நிலையம் திறந்தார்கள். நாடெங்கும் இளம் இயற்கையாளர் குழுக்கள் அதிலிருந்து கிளைத்தன. அதே நாட்டில் பிற்காலத்தில் லைசென்கோவின் ஆதிக்கம் ஓங்கி, விஞ்ஞானத்தைத் தீர்மானம் போட்டு நடத்தப் பார்த்ததும், விதை தேடி உலகைச் சுற்றிய வவிலோவ் 1943ல் சிறையில் மடிந்ததும் நாம் மறைக்கத் தக்கவை அல்ல. வயலில் கண்டது ஒன்று, மேடையில் சொல்வது ஒன்று என்றால் நஷ்டம் வயலுக்குத்தான்.

இப்போது நம் வயலுக்கு வருவோம். தாவரக் கழலை என்றால் ஏதோ சீமைச் சமாசாரம் என்று நினைக்கும் விவசாயிக்கு ஒரே வார்த்தை சொன்னால் போதும்: ஆனைக்கொம்பன்! கொசு போன்ற ஒரு சிறு ஈ, இரவில் பறந்து வந்து நெற்பயிரில் முட்டையிடுகிறது. புழு குருத்துக்குள் இறங்குகிறது. இலை விரிய வேண்டிய இடத்தில், வெங்காயத் தாள் போல வெள்ளி நிறக் குழல் ஒன்று நீள்கிறது. யானைத் தந்தம் போல இருப்பதால் நம் விவசாயி அதற்கு ஆனைக்கொம்பு என்று பெயர் வைத்தான். அந்தத் தூரில் கதிர் வராது. எந்தச் சர்வகலாசாலையும் கற்றுக் கொடுக்காமல், உழுதவனும் நாற்று நட்டவளும் பார்த்துச் சூட்டிய பெயர் அது. உலகத்துக் கழலைகளைப் பற்றி 1964ல் பெரிய நூல் எழுதிய எம். எஸ். மணி நம் நாட்டு விஞ்ஞானிதான்.

ஆனால் நம் விவசாயி குழலைப் பார்த்த அளவுக்குக் குழலின் உள்ளே பார்க்கவில்லை. பார்க்க யாரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. உள்ளே இருக்கும் புழுவுக்கும் எமன் உண்டு. பிளாட்டிகாஸ்டர் என்ற கடுகளவுக்கும் சிறிய குளவி, ஈயின் முட்டையிலேயே தன் முட்டையை வைத்து விடுகிறது. ஒரு புழுவின் உடலுக்குள்ளிருந்து பல குளவிகள் வெளிவருகின்றன. குழல் தென்பட்டதும் மருந்துக் கடைக்கு ஓடி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டப்பாவை வாங்கி அடித்தால், குழலுக்குள் பத்திரமாக இருக்கும் புழுவை விட வெளியே பறக்கும் குளவிதான் முதலில் சாகும். கடன் விவசாயிக்கு, லாபம் கம்பெனிக்கு, அடுத்த போகத்துக்கு ஆனைக்கொம்பன் தயார்!

இது வெறும் வாதம் அல்ல. இந்தோனேஷியாவில் நடந்திருக்கிறது. அங்கே சர்க்கார் மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தை வயலில் கொட்டச் செய்தது. விளைவு, புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகள் மடிந்து, புகையான் பெருகி, நெல் கருகியது. 1986ல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். 1989லிருந்து வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒரு நாள் வயலில் கூடி, பூச்சிகளை எண்ணி, கண்டதைக் காகிதத்தில் படமாக வரைந்து, எது தின்னும், எது தின்னப்படும் என்று தாங்களே கூண்டில் விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பள்ளிகளில் பயின்றார்கள். நம் தோழர்கள் லட்சக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்ட நாடு அது. சுகார்த்தோவின் சர்க்காருக்கு விவசாயி மேல் காதல் இல்லை. அரிசி இல்லாமல் போய்விடும் என்ற பயம்தான் அதைச் செய்ய வைத்தது. ஆனால் பலன் பலன்தான். பூச்சியைப் பார்க்கக் கற்ற விவசாயி, கம்பெனி ஏஜெண்டுக்குப் பதில் சொல்லவும் கற்றான்.

பொழுதுக்குத் திரும்பி வருகிறேன். 2023 ஏப்ரல் 21ந் தேதி, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழி செய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றதால், மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் அதே வருஷம் அதே போன்ற சட்டம் வந்தது. வாரத்துக்கு நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று அதற்கு மெருகு பூசினார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று, போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தொங்கி வந்தவனுக்கு மிச்சமிருப்பது தூக்கம் மட்டுமே. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு என்று நம் முன்னோர் கேட்டார்கள். அந்த மூன்றாவது எட்டு எதற்கு என்று கேட்டால், சங்கக் கூட்டத்துக்கு, குடும்பத்துக்கு என்று சொல்கிறோம். பார்ப்பதற்கு, படிப்பதற்கு, வியப்பதற்கு என்று சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்? முதலாளியின் மகன் தோளில் காமிராவும் கழுத்தில் தூரதரிசினியுமாகச் சரணாலயத்துக்குப் போனால் அது இயற்கை ஆர்வம். தொழிலாளி மகன் ஏரிக்கரையில் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தால் வெட்டிப் பொழுதா?

பெயரின் விஷயத்தில் நம் நாட்டுக் கணக்கு மான்செஸ்டரை விட மோசம். சாதியும் சேர்ந்துகொள்கிறதே! பாம்பையும் பூச்சியையும் கரையானையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த இருளர் மக்களைக் காட்டுத் திருடர் போல் நடத்திய சமூகம் இது. 1978ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுத்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. அச்சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ வந்தது. வந்தது நல்லதுதான். நாற்பத்தைந்து வருஷம் தாமதம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விவசாயச் சங்கக் கிளைகளுக்கு ஒரு யோசனை. வருகிற சம்பாவில், மழை மூடி வெயில் குறையும் நாட்களில், பயிர் தூர் கட்டும் சமயம் ஆனைக்கொம்பன் தலை காட்டும். அப்போது கிளைத் தோழர்கள் பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கிப் பத்துக் குழல்களை அடியோடு பிடுங்கி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்க்கட்டும். ஒரு கைலென்ஸ் போதும். எத்தனை குழலில் புழு தனியாக இருக்கிறது, எத்தனையில் புழுவின் உடம்பு முழுவதும் குளவிக் குஞ்சாக நிறைந்திருக்கிறது என்று எண்ணி, மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசட்டும். எண்ணிக்கையைச் சங்க வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதலாம்: தேதி, வயல், நெல் ரகம், குழல் எத்தனை, குளவி எத்தனை, பார்த்தவர் பெயர். பார்த்தது சிறுமியானால் சிறுமியின் பெயர்.